தலைவலி வராத நாட்கள்

அந்த அம்மாளைப் போலப் பயப்படுகிற ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. பயம் என்றால் கரப்பான்பூச்சிக்கும் பல்லிக்கும் அலறுகிற பயம் இல்லை. கரப்பானைச் செருப்பால் ஒரே அடியில் அடித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். அவருடைய பயமெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பொருட்களின் மேல்தான். நின்றுபோன மின்விசிறிக்கு அடியில் நிம்மதியாக உட்காருவார். ஓடுகிற விசிறிக்கு அடியில் உட்கார வைத்தால் அடிக்கொரு தரம் அண்ணாந்து பார்ப்பார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

சிங்காநல்லூரைத் தாண்டி, திருச்சி ரோட்டை ஒட்டிய ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கோயம்புத்தூரில் பம்பு என்றால் எல்லோருக்கும் கிணறும் போர்வெல்லும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் பம்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். காரின் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே முழுகிக் கிடந்து, என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடுகிற பம்பு. அதை வடிவமைக்கிற பிரிவுக்கு அவர் தலைமை, நான் அவருக்குக் கீழே. நான் மேடம் என்பேன், அவர் என்னை அம்மணி என்பார்.

அந்தப் பம்புக்கு ஒரே எதிரி குமிழி. பெட்ரோல் பொங்குவதற்கு அடுப்பு வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் டேங்க் சூடேறியிருக்கும்போது, பம்பின் வாய் வெடுக்கென்று உறிஞ்சினாலே போதும், அந்த இடத்திலேயே நுரைத்துக் குமிழிகள் கிளம்பிவிடும். பம்புக்குள் சுற்றுகிற சக்கரத்துக்குப் பெட்ரோலைத் தள்ளத் தெரியும், குமிழியைத் தள்ளத் தெரியாது. அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். குமிழி உண்டாவதைக் குறைப்பதும், அதையும் மீறி உண்டானதை ஒரு சின்னத் துளை வழியாக வெளியே அனுப்புவதும்தான் எங்கள் வேலை. துளை பெரிதாகப் போனால் பம்பின் அழுத்தம் போய்விடும். சிறிதாகப் போனால் குமிழி உள்ளேயே தங்கிவிடும். அந்தத் துளையை எங்கே வைப்பது என்பதிலேயே எங்களுக்கு மாதக்கணக்கில் பிராணன் போயிற்று.

சோதனை அறையில் பக்கவாட்டில் கண்ணாடி பதித்த டேங்க் ஒன்று இருந்தது. வெளியே சுடுதண்ணீர் ஓட, உள்ளே பெட்ரோலும் பம்பும் சூடாகும். சுவிட்சைப் போடும்போதெல்லாம் மேடம் அவசரமாக ஒரு சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பார். பெட்ரோல் வாடை அவருக்கு ஆகவே ஆகாது. அங்கே போய் வந்தால் தலைவலி நிச்சயம். அதற்காகவே கைப்பையில் ஒரு தைல டப்பா வைத்திருந்தார். எங்கள் அறை முழுக்க அந்தத் தைல வாசம்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடிக்குள் கடுகளவு குமிழி ஒன்று தலைகாட்டிவிட்டால் அவர் குரல் தணிந்துவிடும். "வாராங்க பாருங்க," என்பார். குமிழியைத்தான் சொல்கிறார். நம்மூரில் யாருக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசுவது வழக்கம்தான். ஆனால் குமிழிக்கும் மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். வெளியூரிலிருந்து பார்க்க வந்த ஒருவர், யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் சிரிக்கவில்லை. "அவங்களைச் சாதாரணமா நெனைக்கக் கூடாதுங்க அம்மணி. நாம பாக்காதப்ப வந்துபோட்டு, பாக்கறப்பப் போயிருவாங்க," என்றார்.

அது உண்மைதான். குமிழியால் நின்ற வண்டியை மரத்தடியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். பெட்ரோல் ஆறிவிடும், குமிழி மறைந்துவிடும், சாவியைத் திருகினால் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். தடயம் வைக்காமல் போகிற எதுவுமே மேடத்துக்கு ஆகாது.

அவருடைய பயம் ஒட்டுவாரொட்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பாட்டுக்கு ஸ்கூட்டரை எப்படியாவது சொருகிவிட்டு மாடியேறுவேன். அவர் தன் வண்டியைத் திருப்பி, வெளிவாசலைப் பார்த்த மாதிரிதான் நிறுத்துவார். கேட்டால், "அவசரமா ஓடோணும்னா திருப்பிட்டு நிக்க முடியுங்களா?" என்பார். எங்கே ஓடப்போகிறார் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். மழைக்காலம் முடிவதற்குள் நானும் வண்டியைத் திருப்பி நிறுத்த ஆரம்பித்திருந்தேன். வீட்டில் குக்கர் விசில் ஒழுங்காக வந்தால் கூட அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கணவர் என்னைப் பார்த்து, "உன்ர மேடம் ஊட்டுக்கே வந்துட்டாங்க போலிருக்குது," என்பார். எரிச்சலாக வரும். ஆனால் மறுத்துப் பேச முடியாது.

'முடிஞ்சுது' என்ற சொல் அவர் வாயில் வராது. ஒரு பம்பு எல்லாச் சோதனையிலும் தேறி, மேனேஜர் வந்து, "அப்புறம் என்னங்க மேடம், பாஸ்தானே?" என்று கேட்டால், "இன்னும் கெடலைங்க சார், அவ்வளவுதான்," என்பார். மேனேஜர் நல்ல மனிதர். அந்தப் பதிலைக் கேட்டால் மட்டும் அவர் முகம் சுண்டிப்போகும்.

நான் சொல்ல வந்த பம்பு ஒரு கோடைக்காலத்தில் பாஸாயிற்று. டேங்கை எவ்வளவு சூடாக்கினாலும் கண்ணாடிக்குள் ஒரு குமிழி கூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அழுத்தம் காட்டுகிற முள் ஆடாமல் அசையாமல் நின்றது. மேனேஜர் எல்லோருக்கும் இனிப்பும் காரமும் காபியும் வரவழைத்தார். மேடம் தன் மைசூர்பாகை என் தட்டில் வைத்துவிட்டார். "நல்லா இருக்கறது எனக்கு நல்லாப் படலைங்க," என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. தேறிய பம்பை விற்க அனுப்பும் முன் எங்கள் ஆட்களின் சொந்தக் கார்களில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். வீட்டில் சுட்ட பலகாரத்தை வீட்டு ஆட்கள் முதலில் தின்று பார்க்கிற மாதிரி. அந்த முறை மேனேஜர் காருக்கும் எங்கள் வீட்டுக் காருக்கும்தான் மாட்டுவதாக இருந்தது. மேடம் தன் வீட்டுக் காருக்கும் மாட்டச் சொன்னார். அந்தக் காரை ஓட்டுவது அவருடைய ஒரே மகன், பொள்ளாச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வண்டி வேண்டாங்க மேடம். அப்புறம் நீங்க தூங்க மாட்டீங்க," என்றார் மேனேஜர்.

"அடுத்தவங்க புள்ளையை ஏத்தி அனுப்பிப்போட்டு, என்ர புள்ளையை மட்டும் பத்திரமா வெச்சுக்கறதுங்களா சார்? எனக்குப் பயமா இருக்குதுங்க. அதனாலதான் மாட்டச் சொல்றேன்."

மாட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மேடத்தின் முகம் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. சோதனை அறையில் அதே பம்பு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவரும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. எங்கள் அறையில் தைல வாசம் இல்லை. ஒரு நாள் கேன்டீனில் விசிறிக்கு நேர்க் கீழேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவழியாக இந்த அம்மாளுக்கும் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் ஆறுதலாக இருந்தது. அவர் பயப்படாவிட்டால் நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஒரு சனிக்கிழமை. காலையிலேயே கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்தில் இருக்கும் தன் அப்பா அம்மாவைப் பார்க்கக் கிளம்புவதாக இருந்தார். மகளுக்கு அப்போது நான்கு வயது. எனக்கு வேலை இருந்ததால் போகவில்லை. முற்பகல் காபிக்குக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது மேடம், "பையனும் சிநேகிதப் பசங்களும் வால்பாறைக்குக் கிளம்பியிருக்கறாங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மலைப்பாதையில் மகன் காரோட்டிப் போவதை அவர் சிரித்துக்கொண்டே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெயிலில் வந்ததில் எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. "மேடம், அந்தத் தைலத்தைக் கொஞ்சம் தாங்க," என்றேன்.

கைப்பையைத் துழாவி டப்பாவை எடுத்தார். மூடி திறக்கவில்லை. விளிம்பெல்லாம் காய்ந்து இறுகியிருந்தது. இரண்டு முறை திருகிப் பார்த்தவர், அப்படியே அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"ஏனுங்க அம்மணி," என்றார். "எனக்கு ஏன் தலை வலிக்கலை?"

நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். காபி மேஜையில் சாய்ந்து ஓடியது. சோதனை அறைக்கு அவர் போன வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. அங்கே முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, டேங்குக்குப் பக்கத்தில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த அறையில் எப்போதும் மூக்கில் ஏறுகிற காட்டம் இல்லை. ஏதோ பழைய வார்னிஷ் மாதிரி ஒரு மந்தமான வாடைதான் இருந்தது.

"பெட்ரோல் எப்பங்க மாத்துனீங்க?" என்று அங்கிருந்த டெக்னீஷியனைக் கேட்டார்.

"எதுக்குங்க மேடம் மாத்தோணும்? வடிச்சு வடிச்சு அதையேதான் ஊத்தறோம். சுத்தமாத்தான் இருக்குதுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. எதையும் வீணாக்காமல் பிழைக்கிற ஊர் இது. மில் கழிவுப் பஞ்சுக்கும் இங்கே ஒரு விலை உண்டு. நல்ல பெட்ரோலைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? சிக்கனமாக இருந்ததற்காக மேனேஜரே அவரைப் பாராட்டியிருந்தார். ஆனால் பெட்ரோலைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அதில் சுலபமாக ஆவியாகிற பகுதியெல்லாம் முதலிலேயே பறந்துவிடும். குமிழி விடுவது அந்தப் பகுதிதான். மேடத்துக்குத் தலைவலி கொடுத்ததும் அதுதான். மிஞ்சிய பெட்ரோலில் எந்தப் பம்பு ஓடினாலும் குமிழி வராது. அத்தனை நாளும் பாஸானது எங்கள் பம்பு இல்லை, அந்தப் பழைய பெட்ரோல்.

டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். காட்டம் குப்பென்று ஏறியது. சூடேறுகிற வரைக்கும் காத்திருந்தோம். சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் பம்பின் வாயருகே ஒன்று, இரண்டு, பிறகு சரம் சரமாகக் கிளம்பின. முள் நடுங்கிக் கீழே விழுந்தது. துளை வழியாகப் போக வேண்டியவை போகாமல் உள்ளேயே அடைந்து, பம்பு கரகரவென்று இரைந்தது. "வந்துட்டாங்க," என்றார் மேடம். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அவருடைய கார் வாசலிலேயே நின்றது. அதன் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்க வண்டி இப்ப எங்கீங்க?"

"காங்கேயம் போயிட்டிருக்குதுங்க," என்றேன். கணவருக்கு ஒரு பழக்கம், டேங்கை ஒருபோதும் நிரப்ப மாட்டார். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வார். டேங்கில் குறைவாக இருக்கிற பெட்ரோல்தான் சீக்கிரம் சூடேறும். திருச்சி ரோட்டில் சூலூரிலிருந்து பல்லடம் வரைக்கும் லாரிக்குப் பின்னால் லாரி. ஒன்றைத் தாண்டுகிற நேரத்தில் என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இறுகிவிடும். இதெல்லாம் மற்றவர்களுக்குப் படம் போட்டு நானே விளக்கியிருக்கிறேன். அந்தப் படத்தில் வருகிற கார் எப்போதும் யாருடையதாகவோதான் இருந்தது.

கணவருக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணி அடித்தது, யாரோ துண்டித்தார்கள். மறுபடி போட்டேன். மறுபடி துண்டித்தார்கள். அவர் ஒருநாளும் என் போனைத் துண்டிக்கிறவர் இல்லை. ரோட்டில் கிடந்த போனை யாரோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் ஒரு போன் பாதியில் துண்டிக்கப்பட்டால், எடுக்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கம்பெனி வேனில் கிளம்பினோம். மேடமும் ஏறிக்கொண்டார். எந்த வண்டியில் ஏறினாலும், "மெதுவாப் போங்கண்ணா," என்று ஆரம்பிக்கிறவர், அன்றைக்கு டிரைவரிடம், "சுருக்காப் போங்க," என்றார். தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ரோட்டோரம் நின்ற ஒவ்வொரு வெள்ளைக் காரும் எங்கள் காராகத் தெரிந்தது. மாதா, ஈஸ்வரா என்று நானும் அவரும் மாற்றி மாற்றி என்னென்னவோ முணுமுணுத்தோம்.

சூலூரைத் தாண்டியதும் ஓரிடத்தில் கூட்டம் கூடியிருந்தது. ரோட்டில் வண்டிகள் தேங்கி நின்றன. கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மின்னின. நான் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மேடம் இறங்கிப் போயிருந்தார். திரும்பி வந்து என் தலையில் கை வைத்து, "லாரி டயர் வெடிச்சிருக்குதுங்க அம்மணி. நம்மது இல்ல. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல," என்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற தெம்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பல்லடத்துக்குச் சற்று தூரம் தள்ளி, ஒரு கோழித்தீவன ஆலைக்கு முன்னால், வேப்பமரத்தடியில் எங்கள் கார் நின்றது. முன்மூடி திறந்திருந்தது. கணவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் மகள் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டபோதெல்லாம் படம் நின்றுபோகிறது என்று அவள்தான் துண்டித்திருக்கிறாள். அவளை வாரித் தூக்கினேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் முதுகில் ஒரு அடியும் வைத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

"ஊட்ல இருந்து கெளம்பவே நேரமாயிருச்சு. இங்க வந்து லாரியத் தாண்டப் போறப்ப இழுவையே இல்லாமப் போச்சு," என்றார் கணவர். "எதுக்க வந்த பஸ்காரன் ஸ்டியரிங்கை ஒடிச்சுப்போட்டான், இல்லீன்னா நாங்க இல்ல. இப்ப ஆறிருச்சு. பாரு, ஸ்டார்ட் ஆகுது." சாவியைத் திருகிக் காட்டினார். என்ஜின் சாதுவாக ஓடியது. "புதன்கிழமை பாப்பாவை ஸ்கூல்ல விடப் போறப்பவும் இப்படித்தான் நின்னுச்சு. நீ பண்ணுன பம்பு, குறை சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லாம உட்டுட்டேன்."

எனக்கு அப்போது வந்த பயம், வேனில் வரும்போது கூட வரவில்லை. மேடம் கைநீட்டி என்ஜினை அணைத்து, சாவியை உருவி எடுத்துக்கொண்டார். "இதை இனி யாரும் எடுக்க வேண்டாங்க தம்பி. வேன்ல வாங்க," என்றார். மகளின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

மறு கையில் அவருடைய போன் இருந்தது. வழி நெடுக அவர் அதை மடியில் வைத்திருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மகனோடு பேசிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போனைக் காதில் வைத்து நான் பார்க்கவேயில்லை.

"மேடம், உங்க பையன் எடுத்தாருங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "இன்னும் போடலைங்க," என்றார். "வேன்ல ஏறறப்பவே பேரை எடுத்து வெச்சேன். அமுத்த முடியலீங்க அம்மணி. மலை ஏறியிருப்பான் இந்நேரம்." போனை என்னிடம் நீட்டினார். "நீங்க போடுங்க. நான் அந்தப் பக்கம் போயிக்கறேன்."

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டோரமாகவே நடக்க ஆரம்பித்தார். நான் பெயரை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அழுத்தினேன். அதே குரல். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டார். அடுத்த முறை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றது ஒரு குரல். "மலை அடிவாரத்துல, ஆழியார்லதான் நிக்கறோம். மலை ஏற ஆரம்பிச்ச ஒடனே வண்டி ரெண்டு தடவ நின்னுபோச்சு. எனக்குப் பயமாப் போச்சும்மா, பின்னாடியே எறக்கித் திருப்பிட்டேன். பசங்க எல்லாம் சிரிக்கறாங்க."

போனைப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன். அதற்குள் நெடுந்தூரம் போயிருந்தார். "எடுத்துட்டாருங்க மேடம், நல்லா இருக்காருங்க," என்று கத்தினேன். வரிசையாகப் போய்க்கொண்டிருந்த லாரிகளின் இரைச்சலில் அது அவருக்கு எட்டவில்லை. பின்னால் யாரோ ஓடி வருவது மட்டும் கேட்டிருக்க வேண்டும். நான் நெருங்க நெருங்க அவர் நடையை எட்டிப் போட்டார். என் கையிலிருந்த போனில் பையன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் ஓட ஆரம்பித்தார்.